முன்வாய்த் துப்பாக்கியில் இறுகிய குழல் ஆப்பைக் கழற்றும் முறை

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வந்த வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஜவ்வாது மலை அடிவாரத்துக் கொல்லைகளிலும் காட்டோரக் கிராமங்களிலும் பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் முன்வாய்த் துப்பாக்கிகள், அதாவது குழல் வாய் வழியாகவே மருந்து கெட்டிப்பவை, இந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு. உரிமப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று, அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக, எழுதியிருக்கும். தாத்தா காலத்துத் துப்பாக்கி வாரிசுரிமையில் பேரன் கைக்கு வரும்போது உடன் வருகிற தலைவலிகளில் ஒன்று, குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் ஆப்பு அசையாமல் நிற்பது. குழலைக் கழற்றினால்தான் உள்ளே கழுவ முடியும், அடியில் துரு பார்க்க முடியும். ஆப்பு வராமல் குழல் வராது.

இதில் பெரும்பாலான சேதம் துருவால் வருவதில்லை, சுத்தியலால்தான் வருகிறது. ஆப்பை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் ஓங்கி அடித்தால் ஆப்பு வளையும், தகடு பிய்யும், கட்டை பிளக்கும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரியாதவர் இல்லை. அது அசைத்ததில் தப்பில்லை, எங்கே உட்கார்ந்து அசைத்தது என்பதுதான் தப்பு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் தன் துப்பாக்கியைச் சுத்தம் செய்வதற்காகக் குழலைப் பிரிப்பது வரைக்கும்தான் இந்தக் கட்டுரை. துளை போடுவது, பற்றவைப்பது, புதிய பாகம் செய்வது எல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வேலை. தெரிந்த லேத் பட்டறையாக இருந்தாலும் துப்பாக்கியை அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது. உரிமமே இல்லாத துப்பாக்கி என்றால் இதை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் குழல் காலியா?

பரணில் கிடந்த துப்பாக்கி எதுவானாலும் மருந்து கெட்டித்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஈரம் படாத கரிமருந்து பல பத்தாண்டு கழித்தும் வெடிக்கும்.

குதிரையை (கேப்பை அடிக்கும் சுத்தி) கட்டைவிரலால் பிடித்து அரைப்பூட்டுக்கு, அதாவது பாதி பின்னிழுத்து நிற்கும் நிலைக்கு, கொண்டுவாருங்கள். நிப்பிளில் (குழலின் பின்முனையில் உள்ள சிறு துளை முளை) கேப் (அடி பட்டால் பொறி விடும் சிறு மூடி) இருந்தால் எடுத்துவிடுங்கள். வாயைச் சுவரோ ஆளோ இல்லாத பக்கம் வைத்துக்கொண்டு, கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் மெதுவாக இறக்குங்கள். கை குழல் வாய்க்கு நேரே வரக்கூடாது, பக்கவாட்டில் இருந்து விரல் நுனியால் பிடியுங்கள். கோல் நின்ற இடத்தில், குழல் வாய்க்குச் சமமாகப் பென்சில் கோடு போடுங்கள். கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக நிற்கும்படி குழலின் மேலேயே கிடத்திப் பாருங்கள். கோலின் முனை நிப்பிளுக்குக் கிட்டத்தில் வந்தால் குழல் காலி. நாலைந்து சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

சில பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் குழலின் பின்முனையில் மருந்தறை மட்டும் குறுகலாக இருக்கும். அதில் கோல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். துப்பாக்கியின் பழைய அளவு தெரியாதவர் இதை வைத்து “காலிதான்” என்று முடிவு கட்டக்கூடாது. சந்தேகம் இருந்தால் உள்ளே மருந்து உண்டு என்றுதான் கணக்கு. அப்போது ஆப்பைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். கேப் இல்லாமல் ஓரமாக வைத்துவிட்டு, எடுத்துப் போவதற்கு முன்பே உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விவரம் சொல்லிக் கேளுங்கள்.

ஆப்புதானா என்று பாருங்கள்

குழலைக் கட்டையோடு பிடிக்க மூன்று வழிகள் பரவலாக உண்டு. ஆப்பு அதில் ஒன்றுதான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த பிரவுன் பெஸ் மஸ்கட்டுகளில் ஆப்பே கிடையாது. கட்டையின் குறுக்கே சன்னமான கம்பி ஆணிகள்தான் குழலைப் பிடித்திருக்கும். 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் குழலைச் சுற்றி இரும்பு வளையங்கள். நம் நாட்டுத் திரித் துப்பாக்கிகளில் தோல் வாராலோ கம்பியாலோ குழலைக் கட்டையோடு சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஆப்பு என்பது ஆங்கில வேட்டைத் துப்பாக்கிகளிலும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த அரைக்கட்டை (கட்டை குழலின் பாதி வரைக்குமே வரும்) ரைஃபிள்களிலும், அவற்றைப் பார்த்துச் செய்த இக்காலத் துப்பாக்கிகளிலும் இருப்பது.

அடையாளம் எளிது. முன்கட்டையின் இரு பக்கமும் நீள்சதுரமாகவோ முட்டை வடிவிலோ சிறு தகடு பதித்திருக்கும். அதன் நடுவே தட்டையான ஆப்பின் முனை தெரியும். வட்டமான சிறு புள்ளி தெரிந்தால் அது ஆணி, அந்த வேலை வேறு.

குழலின் பின்முனையையும் பாருங்கள். கொக்கி வைத்த குழல் என்றால், குழலுக்கும் அதன் பின்னால் கட்டையில் பதிந்திருக்கும் வால் துண்டுக்கும் நடுவே மயிரிழைக் கோடு ஒன்று குறுக்கே ஓடும். அந்தக் கோடு இல்லாமல் குழலும் வாலும் ஒரே இரும்பாக இருந்தால், ஆப்பு வந்த பிறகும் குழல் வராது. வால் திருகாணியையும் கழற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் குழல் வாயைப் பிடித்துத் தூக்கி, கட்டையைப் பிடிப்பகுதியிலேயே முறித்துவிடுகிறவர்கள் உண்டு.

ஏன் இறுகுகிறது

குழலின் அடியில் ஒரு இரும்புக் காது கீழே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டையின் குறுக்கே வரும் ஆப்பு அந்தக் காதின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். குழல் மேலே எழும்பப் பார்க்கும்போது காது ஆப்பை மேலே இழுக்கும், ஆப்பு கட்டைத் துளையின் மேல் ஓரத்தில் போய் முட்டும். ஆக, குழல் உட்காரும் பள்ளத்துக்கும் ஆப்புத் துளையின் மேல் ஓரத்துக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சம் மரம்தான் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு நிற்கிறது. அரை அங்குலம் கூட இருக்காது. அந்த மரம் ஊறினால் ஆப்பு இறுகும், வற்றினால் தளரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல்லு மாதிரி நிற்கிற ஆப்பு, பங்குனி வெயிலில் இரண்டு தட்டில் வருவது இதனால்தான்.

அடுத்த காரணம் கசடும் துருவும். கரிமருந்து எரிந்ததில் எடைக்கணக்கில் பாதிக்கு மேல் திடமான கசடாகவே தங்குகிறது. அதில் உள்ள பொட்டாசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குழலைக் கழற்றாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களின் துப்பாக்கியில் அந்த அழுக்குத் தண்ணீர் குழலின் அடிப்பக்கமாக ஓடி, காதுத் துளையில் போய் நிற்கும். அங்கே காற்றோட்டம் கிடையாது, துணியும் போகாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால், 0.1 மி.மீ. இடைவெளிகூட இல்லாத துளையில் கொஞ்சம் துருவே போதும்.

மூன்றாவது, முந்தைய ஆள் செய்த வேலை. இரும்பு பஞ்ச் (ஆப்பைத் தட்டித் தள்ளும் உலோகத் துண்டு) வைத்து அடித்து ஆப்பின் முனை விரிந்து போயிருக்கும். விரிந்த முனை தகட்டின் துளைக்குள் நுழையாது, எவ்வளவு அடித்தாலும் இன்னும் விரியுமே தவிர. அல்லது ஆப்பைத் தலைகீழாகவோ எதிர்ப்பக்கத்தில் இருந்தோ செருகியிருப்பார்கள். தகட்டின் சிறு திருகாணி தளர்ந்து, தகடு ஒரு பக்கமாக நகர்ந்து ஆப்பைக் கவ்விக்கொள்வதும் உண்டு. அப்போது திருகாணியை முறுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

கடையில் இருந்து வந்த புதுத் துப்பாக்கியில் ஆப்பு இறுக்கமாக இருப்பது சகஜம். அதில் துருவும் இல்லை, பிசிறும் இல்லை. சரியான பஞ்ச், சரியான தாங்கல் இருந்தால் வந்துவிடும்.

சாமான்கள்

முக்கியமானது பஞ்ச். பித்தளைப் பட்டையில் செய்துகொள்ளுங்கள். ஆப்பின் முனையை அளந்து, அகலத்திலும் கனத்திலும் அரை மி.மீ. குறைவாக இருக்கட்டும். பொதுவாக ஆப்பு ஒரு நூல், அதாவது சுமார் 3 மி.மீ. கனமும் 10 முதல் 12 மி.மீ. அகலமும் இருக்கும். உங்கள் ஆப்பை அளக்காமல் இந்தக் கணக்கை நம்பி வெட்டாதீர்கள். நீளம் 8 முதல் 10 செ.மீ. போதும். நீளம் கூடினால் அடிக்கும்போது துள்ளும், பக்கவாட்டில் வழுக்கும். முனையை அரத்தால் சதுரமாக, தட்டையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். வேலூர் லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் பட்டை வாங்கி, லேத் பட்டறையில் வெட்டச் சொல்லலாம். துப்பாக்கியைக் காட்டத் தேவையில்லை, அளவு எழுதிக் கொடுத்தால் போதும். ஸ்க்ரூடிரைவர் முனையைப் பஞ்சாகப் பயன்படுத்துவது இந்த வேலையில் நடக்கும் பாவங்களில் முதலாவது.

சுத்தியல் 100 முதல் 200 கிராம், பித்தளையோ நைலானோ. தாங்கு கட்டைக்கு வேம்போ தேக்கோ ஒரு துண்டு, ஒன்றரை அங்குலக் கனம், நடுவில் ஆப்பு தாராளமாக நுழையும்படி 20 மி.மீ. துளை. அதன் மேலே ஒட்ட கனத்த ஃபெல்ட் துணி அல்லது தோல். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுத் தோல் நம் பக்கம் துண்டு துண்டாகக் கிடைக்கும். வேலை நேரத்துக்குத் தோல் நல்லதுதான், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பதனிட்ட தோலில் மிச்சமிருக்கும் உப்பும் அமிலமும் இரும்பைத் தின்னும், அதனால் துப்பாக்கியைத் தோல் உறையில் மாதக்கணக்கில் வைக்கவும் கூடாது.

இவை போக, மறைக்கும் காகித டேப், இன்சுலின் ஊசி ஒன்று, மெஷின் ஆயில் அல்லது துரு இளக்கும் எண்ணெய், மணல் நிரப்பிய இரண்டு சிறு சாக்குப் பைகள், 4 அங்குல சி கிளாம்ப், 400 நம்பர் எமரி தாள், சின்ன தட்டை அரம். வெர்னியர் (கனத்தை நுட்பமாக அளக்கும் கருவி) இருந்தால் நல்லது.

எந்தப் பக்கம் அடிப்பது

ஆப்பு ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் சரிவாக இருக்கும். மெல்லிய முனையில் அடித்தால் வெளியே வரும், கனமுனையில் அடித்தால் இன்னும் இறுகும். வித்தியாசம் கால் மி.மீ. அளவுக்குக்கூடக் குறைவாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. தலை வைத்த ஆப்பு என்றால் தலை இருக்கும் பக்கம் வெளியே வரும். தலை இல்லை என்றால் இரண்டு முனையையும் வெர்னியரில் அளந்து பாருங்கள், அகலம் கனம் இரண்டையும். “வலத்தில் இருந்து இடம்” என்று யாராவது உறுதியாகச் சொன்னாலும் அளந்த பிறகே அடியுங்கள். ஒரு கம்பெனித் துப்பாக்கிக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது, முந்தைய ஆள் மாற்றிச் செருகியிருந்தால் எதுவுமே பொருந்தாது.

அளந்த பக்கத்தை டேப்பில் அம்புக்குறி போட்டு ஒட்டிவையுங்கள். இரண்டு ஆப்பு இருந்தால் முன்னது 1, பின்னது 2 என்று எழுதுங்கள். ஒன்றின் துளைக்கு மற்றது சரியாக இராது.

கழற்றும் வரிசை

1. கெட்டிக்கும் கோலை அதன் துளையில் இருந்து எடுத்து ஓரமாக வையுங்கள். அரைக்கட்டைத் துப்பாக்கியில் கோல், குழலின் அடிப்பட்டை வளையங்கள் வழியாகக் கட்டைக்குள் போகிறது. அது உள்ளே இருக்கும்வரை குழலைத் தூக்க முடியாது.

2. குதிரை அரைப்பூட்டில் இருக்கட்டும். இறங்கியிருந்தால் குழல் எழும்பும்போது நிப்பிள் அதில் மாட்டும்.

3. இரண்டு பக்கத் தகட்டையும் சுற்றி மரத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். பஞ்ச் வழுக்கினால் கீறல் டேப்போடு போகும். ஆப்பின் முனை எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை அளந்து டேப்பிலேயே எழுதுங்கள். அசைந்ததா இல்லையா என்பதற்கு இதுதான் சாட்சி, கைக்குத் தெரியாத அரை மி.மீ. இதில் தெரியும்.

4. ஆப்பின் மெல்லிய முனை மேலே பார்க்கும்படி துப்பாக்கியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அடியில் தாங்கு கட்டையின் துளை ஆப்புக்கு நேர் கீழே. இரண்டு மணல் பைகள், ஒன்று பின்கட்டைக்கு, ஒன்று குழல் வாய்ப்பக்கம். தகடும் அதைச் சுற்றியுள்ள மரமும் தாங்கு கட்டையில் படிந்து உட்கார வேண்டும், ஊசலாடக் கூடாது. இந்தப் படியைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கீழே தாங்கல் இல்லை என்றால் அடியின் வேகத்தைக் கட்டை வளைந்து வாங்கிக்கொள்ளும், ஆப்புக்குப் போகாது. அடி கூடக் கூட, கீழ்ப்பக்கத் தகடு தன் சிறு திருகாணிகளோடும் ஒரு சில்லு மரத்தோடும் கழன்று விழும்.

5. ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, ஆப்புக்கு நேரே குழலையும் கட்டையையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் கனத்த துணி சுற்றி, கிளாம்பால் லேசாக நெருக்கலாம். குழல் பள்ளத்துக்குள் அழுந்தும்போது காது கீழே இறங்கும், ஆப்பின் மேல் இருக்கும் இழுவை விடும். இறுகிய ஆப்புகளில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே இளகிவிடும், எண்ணெய்கூடத் தேவைப்படாது. கிளாம்பை நெரிக்காதீர்கள். மரம் முனகினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

6. பஞ்சை ஆப்பின் முனையில் நேராக நிறுத்துங்கள். கனமாக ஒரு அடிக்குப் பதில் வெட்டென்று குறுகிய நாலைந்து தட்டு. சுத்தியலை மணிக்கட்டில் இருந்துதான் வீச வேண்டும், முழங்கை எழும்பக்கூடாது. ஒவ்வொரு ஐந்து தட்டுக்கும் அளவைப் பாருங்கள். சத்தத்தைக் கேளுங்கள்: ஆப்பு கட்டுண்டு நிற்கும்போது “டங்” என்று கெட்டியாக வரும், விட்டதும் சத்தம் மழுங்கும்.

7. ஆப்பு 5, 6 மி.மீ. வெளியே வந்ததும் சுத்தியலை வைத்துவிட்டுப் பஞ்சை விரலால் தள்ளிப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஆங்கில வேட்டைத் துப்பாக்கி பலவற்றில் ஆப்பு முழுதாக வெளியே வராது. ஆப்பின் நடுவே நீளத் துளை விட்டு, கட்டையின் அடியில் இருந்து ஒரு சிறு ஆணியை அதில் நுழைத்திருப்பார்கள், காட்டில் ஆப்பு தொலைந்து போகாமல் இருக்க. வழுக்கிக்கொண்டு வந்த ஆப்பு, ஒரு சென்டிமீட்டரோ இரண்டோ வந்த பிறகு திடீரென்று அடித்துவைத்த மாதிரி நின்றால் அந்த ஆணிதான். அதற்கு மேல் ஒரு தட்டுக்கூடத் தட்டாதீர்கள். காது விடுபட்டிருக்கும், குழல் வரும். இறுக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெளிவானது: இறுகிய ஆப்பு தொடக்கத்திலேயே அசையாது, ஆணி வைத்த ஆப்பு நன்றாக வந்துவிட்டு நிற்கும்.

8. ஆப்பெல்லாம் விடுபட்டதும் குழல் வாயைப் பிடித்து 30 டிகிரி அளவுக்கு மெதுவாகத் தூக்குங்கள். பின்முனைக் கொக்கி தானாக விடும். நடுவில் பிடித்துத் தூக்கினால் முன்கட்டையின் மெல்லிய ஓரம் பிளக்கும். குழல் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் கட்டையின் அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள், நெம்பாதீர்கள்.

அசையவே இல்லை என்றால்

இருபது முப்பது தட்டுக்குப் பிறகும் டேப்பில் எழுதிய அளவு மாறவில்லை என்றால் நிறுத்துங்கள். பலத்தைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைப் பாருங்கள்.

முனை விரிந்திருக்கிறதா? பூதக்கண்ணாடியில் தகட்டின் ஓரத்தைப் பார்த்தால் ஆப்பின் உலோகம் துளையைவிட அகலமாகப் பிதுங்கி நிற்பது தெரியும். சின்ன அரத்தால் அந்தப் பிசிறை மட்டும் தேய்த்து எடுங்கள். டேப் தகட்டைக் காக்கட்டும், அரத்தின் ஓரம் தகட்டில் படக்கூடாது.

துரு என்றால் எண்ணெய். இன்சுலின் ஊசியால் ஆப்புக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். மரத்தின் வெட்டுவாய் எண்ணெயைக் குடிக்கும், குடித்த மரம் கறுத்து மென்மையாகும், பிறகு அந்த இடம் ஆப்பைத் தாங்காது. அவசரத்தில் டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் ஸ்ப்ரே டப்பாவை வைத்துப் பீய்ச்சுவதும் தப்பு, கட்டையின் பூச்சு பாழாகும். வழிந்ததை உடனே துடைத்துவிட்டு ஒரு பக்கமாக 24 மணி நேரம் படுக்க வையுங்கள். மறுநாள் திருப்பிப் போட்டு மறுபக்கம் இரண்டு சொட்டு. மூன்றாம் நாள் தட்டிப் பாருங்கள். கனமுனை தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரே ஒரு மெல்லிய தட்டு கொடுத்துவிட்டு மெல்லிய முனைக்குத் திரும்பலாம். துருவின் பிடி உடைவதற்கு இது உதவும். ஒன்றுக்கு மேல் போனால் இறுக்கத்தைத்தான் கூட்டுகிறீர்கள்.

மழைக்காலம் என்றால் காத்திருங்கள். இது சோம்பேறி யோசனை மாதிரித் தோன்றும், ஆனால் இதுதான் செலவில்லாத வழி. காற்றோட்டமான உலர்ந்த அறையில், சமையலறையில் இருந்து தள்ளி, பூட்டிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு இரண்டு மூன்று வாரம். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். வேலூர் வெயிலில் மரத்தின் மேல் தோல் வற்றி உள்ளே ஈரம் நிற்கும், பிடிப்பகுதியில் விரிசல் விடும்.

அடிக்கு அசையாதது சில சமயம் அழுத்தத்துக்கு அசையும். சி கிளாம்பை எடுத்து, மெல்லிய முனைப்பக்கம் பித்தளைத் துண்டையும், மறுபக்கம் ஆப்பு உள்ளே நுழைவதற்கு இடம் விட்டு ஒரு குட்டைக் குழாய்த் துண்டையோ துளையிட்ட மரத்தையோ வையுங்கள். கிளாம்பைக் கால் சுற்று முறுக்கி, ஒரு நிமிடம் விட்டு, இன்னொரு கால் சுற்று. முறுக்கிவைத்த நிலையிலேயே பஞ்சின் பக்கம் லேசாக ஒரு தட்டு தட்டினால் “டிக்” என்று விடும். இது தட்டுவதைவிட அமைதியான வேலை, பழைய மதிப்புள்ள துப்பாக்கிக்கு இதையே முதலில் செய்யலாம் என்பது என் கட்சி. குழாய்த் துண்டின் வாய் தகட்டில் மட்டும் படாமல் சுற்றியுள்ள மரத்திலும் தோல் வைத்துப் பரவலாகப் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். குழலின் அடிக்காதைச் சிலர் ஈயப்பற்றால் ஒட்டியிருப்பார்கள். வெள்ளீயம், காரீயம் கலந்த அந்தப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கேஸ் விளக்கைக் காட்டினால் ஆப்பு வருவதற்குள் காது கழன்றுவிடும், கட்டையும் கருகும்.

இத்தனைக்கும் வராத ஆப்பு, காதுக்குள் வளைந்த ஆப்பாகவோ முறிந்த ஆப்பாகவோ இருக்கும். துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், உரிமப் புத்தகம் கையோடு இருக்கட்டும்.

வந்த ஆப்பை என்ன செய்வது

எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு ஆப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கே இறுகியது என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும். நடுப்பகுதியில் பளபளப்பான தேய்மானம் என்றால் காது பிடித்திருக்கிறது. முனைகளுக்குக் கிட்டே மேல் ஓரத்தில் என்றால் தகடு. செம்புள்ளிகள் என்றால் துரு. வளைவு இருக்கிறதா என்று கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். லேசான வில் வளைவு வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம், அதை நிமிர்த்தாதீர்கள்.

துருவையும் பிசிறையும் 400 நம்பர் எமரியை ஒரு தட்டைக் கட்டையில் சுற்றித் தேய்த்து எடுங்கள். மெல்லிய முனையின் நான்கு ஓரத்தையும் அரை மி.மீ. மழுக்கிவிட்டால், அடுத்த தடவை காதுக்குள் முட்டாமல் நுழையும்.

இன்னும் இறுக்கமாக இருந்தால் தேய்க்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க மார்க்கர் மை போதும். ஆப்பு முழுதும் பூசி, காயவிட்டு, கையால் செருகி எடுங்கள். மை அழிந்த இடம்தான் முட்டும் இடம். அங்கே மட்டும் நாலு இழுப்பு தேய்த்து மீண்டும் செருகிப் பாருங்கள். தேய்ப்பது எப்போதும் ஆப்பைத்தான். காதின் துளையையோ கட்டையின் துளையையோ தேய்த்தால் திரும்பி வராது, ஆப்பு போனால் வேறு ஆப்பு கிடைக்கும். கட்டைவிரல் பலத்தில் கடைசி 5 மி.மீ. வரைக்கும் போய், மிச்சத்துக்கு மரச் சுத்தியில் இரண்டு தட்டு கேட்டால் அளவு சரி. முழுதும் விரலிலேயே போனால் தளர்ந்துவிட்டது: குழல் ஆடும், குறி ஒரே இடத்தில் விழாது.

தளர்ந்த ஆப்பை இரண்டு பித்தளைத் துண்டுகளின் மேல் பாலமாக வைத்து, நடுவில் ஒரு தட்டு தட்டி மயிரிழை அளவு வளைத்தால் பிடிப்பு திரும்பும். எமரித் தூளோ காகிதமோ சொருகி இறுக்குவது வேலைக்கு ஆகாது, அது ஈரத்தைச் சேர்த்துவைக்கும்.

மீண்டும் பூட்டுவது

காதுத் துளையையும் கட்டைத் துளையையும் பல் குத்தும் குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள். ஆப்புக்குத் தேன்மெழுகை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி மெல்லியதாகப் பூசுங்கள். எண்ணெயைவிட மெழுகு நல்லது, மரத்துக்குள் ஊறாது, தண்ணீரையும் தடுக்கும்.

கொக்கியை முதலில் மாட்டி, குழலை மெதுவாக இறக்கி, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆப்பை அம்புக்குறிப்படி செருகுங்கள். காதின் துளை நேராக வரவில்லை என்றால் ஆப்பால் நெம்பி நேராக்கப் பார்க்காதீர்கள், கொக்கி முழுதாக உட்காரவில்லை என்று அர்த்தம், குழலைத் தூக்கி மறுபடி மாட்டுங்கள். பூட்டிய பிறகு இரண்டு முனையும் தகட்டுக்கு ஒரு மி.மீ. அளவு வெளியே நின்றால் போதும். கடைசியாகக் கோலை அதன் துளையில் விடுங்கள்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும், திரும்பி வர வாரங்கள் ஆகும். ஒப்படைப்பதற்கு முதல் நாளே குழலைப் பிரித்து, சுத்தம் செய்து, ஆப்புக்கும் காதுக்கும் மெழுகு பூசி, விரல் பலத்துக்கு மேல் இறுக்காமல் பூட்டிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அன்றே ஆப்பை ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைத்துச் செருகிவிடுங்கள், அடுத்த மழைக்கு முன்பாக.